குடியுரிமை விண்ணப்பம் வருடக்கணக்கில் கிடக்கிறது: வழக்குப் போடலாமா?

முள்ளியவளையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இதுதான். அவருடைய தம்பி 2002-இல் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் பிறந்தவர். தாய், தகப்பன் இருவரும் முல்லைத்தீவு மாவட்டத்தில் பிறந்தவர்கள், 1990-இல் மன்னார்க் கரையால் இந்தியாவுக்குப் போனவர்கள். 2015-இல் குடும்பம் திரும்பி வந்தது. அக்கா போகும் முன்பே இங்கே பிறந்தவர் என்பதால் அவருக்கு அடையாள அட்டை கிடைத்துவிட்டது. தம்பிக்கு 2019-இல் குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். 'பரிசீலனையில் இருக்கிறது' என்பதைத் தவிர இன்றுவரை பதில் இல்லை. அடையாள அட்டை இல்லாததால் பையன் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாமல், வங்கிக் கணக்குத் திறக்க முடியாமல், கூலி வேலையோடு நிற்கிறான். அவர் கேட்கும் மூன்று கேள்விகள்: வழக்குப் போடலாமா, எந்த நீதிமன்றத்தில், போட்டால் கோபத்தில் விண்ணப்பக் கோவையையே (ஃபைலையே) தூக்கி எறிந்துவிடுவார்களா?

இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. 'இல்லை' என்று எழுதித் தந்தால் அதை எதிர்த்துப் போராடலாம், 'ஆம்' என்றால் வாழ்க்கை தொடங்கும், இரண்டும் சொல்லாமல் வைத்திருந்தால் என்ன செய்வது என்பதுதான் அது. வவுனியாவில் இருபது வருடத்துக்கு மேலாகச் சட்டத்தரணியாக இருக்கிறேன். செட்டிகுளம், நெடுங்கேணி, மல்லாவி, மடு என்று நடமாடும் சேவைகளில் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வழக்கால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நீதிமன்றம் உங்கள் தம்பிக்குக் குடியுரிமை தராது. நீதிமன்றத்தால் செய்யக்கூடியது, முடிவெடுக்க வேண்டிய அதிகாரியைப் பார்த்து 'முடிவை எடு' என்று கட்டளையிடுவது. இதை விளங்காமல் வழக்குக்குப் போனவர்கள், வென்ற பிறகும் தோற்றதுபோல் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். 'குடியுரிமை தரும்படி உத்தரவிடுக' என்று மட்டும் மனுவில் கேட்டால் அது பெரும்பாலும் நிற்காது. 'விண்ணப்பத்தின் மீது குறித்த காலத்துக்குள் சட்டப்படி தீர்மானம் எடுத்து எழுத்தில் அறிவிக்கும்படி உத்தரவிடுக' என்று கேட்டால் நிற்கும். இரண்டு வரிகளுக்கும் இடையில்தான் முழு வழக்கும் இருக்கிறது.

ஏன் அப்படி என்று பார்க்கச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2)-ஆம் பிரிவுதான் உங்கள் தம்பிக்குரியது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறக்கும்போது பெற்றோர் இலங்கைக் குடியுரிமை உடையவராக இருந்து, அந்தப் பிறப்பு ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரக அலுவலகத்திலோ இங்கே அமைச்சரின் அலுவலகத்திலோ பதியப்பட்டால், வம்சாவளிக் குடியுரிமை பெறும். ஒரு வருடம் தப்பினால், தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் மேலும் காலம் அனுமதிக்கலாம். இந்த 'அனுமதிக்கலாம்' என்ற சொல்லில்தான் முகாம் பிள்ளைகளின் தலையெழுத்துத் தொங்குகிறது. முகாமில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வருடத்துக்குள் சென்னைக்குப் போய்த் துணைத் தூதரகத்தில் பதிய முடிந்தது? வெளியே போக அனுமதி வாங்க வேண்டும், பஸ் காசு வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னே இப்படி ஒரு பதிவு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவை முகாம் முகாமாகப் போய்ப் பிறப்புப் பதிவுக்கு உதவியது பெரிய காரியம். அப்படியும் பலர் விடுபட்டுத்தான் போனார்கள்.

காலம் நீட்டுவது அமைச்சரின் தற்றுணிபு, அதாவது அவரே யோசித்துத் தீர்மானிக்கும் அதிகாரம். தற்றுணிபு ஒருவரிடம் இருந்தால் அதை எந்தப் பக்கம் பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லாது. ஆனால் அதைப் பயன்படுத்தாமலே வைத்திருக்க அவருக்கு உரிமை இல்லை. அமைச்சரின் தற்றுணிபுக்கு உட்பட்ட விண்ணப்பங்களில் காரணம் சொல்லத் தேவையில்லை, அவருடைய முடிவு இறுதியானது என்று அதே சட்டத்தில் ஓரிடத்தில் இருப்பதைக் காட்டிச் சிலர் உங்களைப் பயமுறுத்தலாம். முடிவு இறுதியானது என்றால் முதலில் முடிவு என்று ஒன்று இருக்க வேண்டும். உங்கள் வழக்கு முடிவைப் பற்றியதல்ல, முடிவு இல்லாததைப் பற்றியது. அந்தப் பிரிவு இங்கே தடையாக வராது என்பது என் உறுதியான கருத்து.

இதில் ஒரு பழைய சட்ட மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2003-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கத் திருத்தத்துக்கு முன் வம்சாவளி என்பது தகப்பன் வழியே போனது. அதற்குப் பிறகுதான் தாய் வழியும் வந்தது. உங்கள் தம்பி 2002-இல் பிறந்தவர், தகப்பனும் இலங்கையர். ஆகவே தகப்பனின் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் திருமணச் சான்றிதழும் இந்தக் கோவையின் முதுகெலும்பு. முகாமில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட குடும்பங்களுக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது. உங்களுடையது அப்படி என்றால் வழக்குக்கு முன்பே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள். அது வாதத்துக்குரிய இடம், சுலபமான இடமல்ல.

'இந்தியாவில் பிறந்தால் இந்தியக் குடியுரிமை இருக்குமே' என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் அங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அன்றிலிருந்து 2004 டிசம்பர் 3 வரைக்கும் இடையில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். உங்கள் பெற்றோர் இருவரும் இலங்கையர். ஆகவே இங்கே பதிவு கிடைக்கும்வரை அவன் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. மனுவில் இந்த ஒரு பந்தி கட்டாயம் வர வேண்டும், ஏனென்றால் தாமதத்தின் பாரம் எவ்வளவு என்பதை நீதிபதிக்குக் காட்டுவது அதுதான். 1983-க்கும் 1987-க்கும் இடையில் அங்கே பிறந்தவர்கள் இதை வாசித்தால், உங்கள் நிலை வேறு, இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வன்னியில் இன்னொரு கூட்டத்தாரும் இதே வரிசையில் நிற்கிறார்கள். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்கு 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 1964 அக்டோபர் 30-இலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவரோ, அவருடைய வழியில் வந்து இங்கே வாழ்பவரோ அந்தச் சட்டத்தாலேயே குடியுரிமை பெறுகிறார். 2009-இல் வந்த திருத்தம், கலவரத்தால் இந்தியாவுக்குப் போய்விட்டவர்களையும் உள்ளே எடுத்தது. இவர்கள் பலருக்குப் பிரச்சினை குடியுரிமை இல்லாதது அல்ல, இருக்கிறது என்பதைக் காட்டும் கடதாசி இல்லாதது. அவர்களுடைய வழக்கு வேறு மாதிரிப் போகும், எதிராளியும் பெரும்பாலும் வேறு திணைக்களமாக இருக்கும். இங்கே அதற்குள் போகவில்லை.

சரி, எந்த நீதிமன்றம்? அரசியலமைப்பின் 140-ஆம் உறுப்புரையின் கீழ் எழுத்தாணை (ரிட்) வழங்கும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருக்கிறது. ஓர் அதிகாரியைத் தன் கடமையைச் செய்யும்படி பணிக்கும் எழுத்தாணையைத்தான் நாங்கள் மண்டாமுஸ் என்கிறோம். 'வவுனியா மாகாண மேல் நீதிமன்றத்திலும் எழுத்தாணை எடுக்கலாமே, ஏன் கொழும்பு?' என்று பலர் கேட்பார்கள். மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரம் மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களுக்கு மட்டும். குடிவரவும் குடியுரிமையும் மத்திய அரசுக்கு ஒதுக்கிய பட்டியலில் இருக்கின்றன. இங்கே தாக்கல் செய்து, நியாயாதிக்கம் (வழக்கைக் கேட்கும் அதிகாரம்) இல்லை என்று ஒரு வருடம் கழித்துத் திருப்பி அனுப்பப்பட்ட மனுவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்குப் போன காசும் காலமும் திரும்பி வரவில்லை. ஆகவே கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைதான், வேறு வழி இல்லை. கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருந்தாலும் குடியுரிமைக் கோவையின் தீர்மானம் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் நடப்பதும் இதே மாதிரித்தான்.

இரண்டாவது கதவு 126-ஆம் உறுப்புரை, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு. இதற்கு அடிப்படை 12(1): எல்லா ஆட்களும் சட்டத்தின் முன் சமம். 'எல்லாப் பிரசைகளும்' என்று இல்லாமல் 'எல்லா ஆட்களும்' என்று இருப்பதைக் கவனியுங்கள். குடியுரிமை இன்னும் கிடைக்காத உங்கள் தம்பியும் தன் பெயரிலேயே இந்த மனுவைப் போடலாம். ஆனால் இதில் ஒரு மாதக் கெடு இருக்கிறது. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனு உள்ளே போக வேண்டும். முடிவே இல்லாத தாமதத்தில் எந்த நாளிலிருந்து எண்ணுவது? இது தொடர்ந்து நடக்கும் மீறல், ஒவ்வொரு நாளும் புதிதாக நடக்கிறது என்று வாதாடலாம், அந்த வாதம் சில வழக்குகளில் ஏற்கப்பட்டும் இருக்கிறது. உங்கள் வழக்கிலும் ஏற்கப்படும் என்று நான் உறுதி தர மாட்டேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. அதிலும் கவனம் தேவை. முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டுமா என்பதில் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஒரே திசையில் போகவில்லை. காட்ட வேண்டும் என்றே எண்ணி நடவுங்கள். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கம், விசாரணைக்கு அழைத்த கடிதம், எதிர்த்தரப்புக்கு ஆணைக்குழு எழுதிய கடிதத்தின் பிரதி, எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

என்னைக் கேட்டால், வெறும் தாமதத்துக்கு எழுத்தாணைதான் முதல் தெரிவு. அடிப்படை உரிமை மனுவை நான் யோசிப்பது, பாகுபாட்டைக் காட்ட முடிந்தால்தான். உங்களோடு ஒன்றாகத் திரும்பி வந்த, அதே மாதிரிப் பத்திரங்களோடு அதே மாதத்தில் விண்ணப்பித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, உங்களுக்கு இல்லை என்றால், அது வேறு வழக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மனுவை இரண்டு மாதத்துக்குள் கேட்டு முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. நடைமுறையில் வருடங்கள் போகின்றன. தாமதத்துக்கு எதிராகப் போட்ட வழக்கே இழுபடுவதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

எவ்வளவு காலம் போனால் தாமதம் என்று சொல்லலாம்? குடியுரிமைச் சட்டத்தில் விண்ணப்பத்தை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு இல்லை. அதனால் 'நியாயமான காலம்' என்ற அளவுகோல்தான். உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், அமெரிக்காவில் நூற்றிருபது நாளில் வழக்குப் போடலாம் என்று எழுதியிருந்தார். அவர் சொல்வது அங்கே சரி: நேர்முகப் பரீட்சை முடிந்து 120 நாளில் முடிவு வராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. கனடாவின் சமஷ்டி நீதிமன்றம் ஒரு குடியுரிமை வழக்கில் கேட்ட மூன்று கேள்விகள் நமக்கு அதைவிடப் பயன்படும். இந்த வகை வேலைக்கு இயல்பாகத் தேவைப்படும் காலத்தைவிடக் கூடப் போய்விட்டதா? அந்தத் தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணமா? அதிகாரி திருப்தியான விளக்கம் தந்திருக்கிறாரா? இது இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வழக்கைத் தொடங்கும் முன் உங்களை நீங்களே கேட்டுப்பார்க்க இதைவிட நல்ல கேள்விகள் எனக்குத் தெரியாது. என் சொந்தக் கணிப்பு: அவர்கள் கேட்ட கடைசிப் பத்திரத்தையும் நீங்கள் கொடுத்து இரண்டு வருடம் தாண்டியும் சத்தம் இல்லையென்றால் வழக்குக்குப் பலம் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் என்றால் பொறுத்திருங்கள். 2019-இலிருந்து என்றால் காலம் தாராளமாகப் போய்விட்டது.

தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணமா என்ற இரண்டாவது கேள்வியில்தான் பலர் விழுகிறார்கள். திணைக்களம் முன்பு ஒரு கடிதம் போட்டு, 'தகப்பனாரின் பெயர் வேறுபாட்டைத் தெளிவுபடுத்தவும்' என்று கேட்டிருக்கும். அது பழைய முகவரிக்குப் போய், கிராம அலுவலர் மாறிய குழப்பத்தில் எங்கோ கிடந்திருக்கும். இந்தியப் பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு பெயர், இங்கே முழுப் பெயர், தாயின் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு. இந்தச் சின்ன வேறுபாட்டில் எத்தனை கோவைகள் மூச்சுமுட்டிக் கிடக்கின்றன என்பது முகாம்காரருக்குத் தெரியும். அப்படி ஒரு கடிதம் இருந்தால் தாமதம் உங்கள் பக்கம் வந்துவிடும். வழக்குப் போட்ட பிறகு அரச சட்டத்தரணி அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டும்போது தெரியவருவதைவிட, முன்பே தெரிந்துகொள்வது மேல்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் பதில் தர வேண்டும், அதற்கும் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. ஆனால் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள்: இந்த உரிமை பிரசைகளுக்கு மட்டும். உங்கள் தம்பி தன் பெயரில் போட்டால் 'நீர் பிரசை இல்லை' என்றே திருப்பலாம். அடையாள அட்டை உள்ள தாயின் பெயரில் போடுங்கள், அல்லது உங்கள் பெயரில் தம்பியின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தோடு போடுங்கள். 'ஏன் தாமதம்?' என்று கேட்காதீர்கள், அதற்குத் தகவல் அலுவலர் பதில் சொல்லத் தேவையில்லை. கோவை கிடைத்த திகதி, இலக்கம், இன்று அது எந்தப் பிரிவில் யாருடைய மேசையில் இருக்கிறது, வேறு நிறுவனத்தின் அறிக்கைக்காகக் காத்திருந்தால் எதனுடையது, கேட்டு எழுதிய திகதி என்ன, விண்ணப்பதாரரிடம் இன்னும் கேட்க வேண்டிய பத்திரம் ஏதும் உண்டா, இவ்வளவையும் கேளுங்கள். வரும் பதிலே பாதி வழக்கு. சில கோவைகள் இந்தக் கடிதத்துக்குப் பதில் தேடும்போதே கண்டெடுக்கப்பட்டு நகர்ந்திருக்கின்றன.

அதற்குப் பிறகு கோரிக்கைக் கடிதம். மண்டாமுஸ் வேண்டுமானால் நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகத்துக்கும் அமைச்சின் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் போகட்டும். விண்ணப்பித்த திகதி, கோவை இலக்கம், கொடுத்த பத்திரங்கள், இதற்கு முன் எழுதிய நினைவூட்டல்கள், இத்தனை நாட்களுக்குள் தீர்மானத்தை எழுத்தில் தாருங்கள் என்ற வேண்டுகோள், தராவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டிவரும் என்ற ஒரு வரி. கோபம் வேண்டாம், கதை வேண்டாம், ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனாலும் கூடவே ஒரு சிங்கள மொழிபெயர்ப்பை இணைத்து அனுப்பச் சொல்வேன். மொழிபெயர்ப்புக்கென்று கோவை இன்னொரு மேசையில் மூன்று மாதம் கிடப்பதை அது தவிர்க்கும்.

ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒட்டுசுட்டான் பக்கம். என்னிடம் வரும்போது ஒரு புடவைக்கடைப் பையும் அதற்குள் ஒரு கிளினிக் கொப்பியும். கொப்பியின் முன்பக்கம் பிரஷரும் சீனியும். பின்பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பினால், பத்தரமுல்லைக்குப் போன ஒவ்வொரு பயணமும் திகதி போட்டு எழுதியிருந்தது: இரவு பஸ்ஸில் ஏறிய நாள், எந்த மாடி, எந்த யன்னல், அங்கே இருந்தவர் சொன்ன பதில், ஒரு வரியில். 'கண்ணாடி போட்ட பிள்ளை, ஐயா லீவு, அடுத்த மாதம் வரட்டாம்.' அப்படிப் பதினொரு வரிகள். பஸ் ரிக்கெட்டுகளை அதே பக்கத்தில் பின் அடித்து வைத்திருந்தார். ரிக்கெட்டில் மை மங்கிப் போயிருந்தது, ஆனால் பின்னூசியின் துருக் கறை பக்கத்துக்குப் பக்கம் இறங்கியிருந்தது. அந்தக் கொப்பியைச் சத்தியக்கடதாசியோடு இணைத்தோம். எதிர்த்தரப்பால் மறுக்க முடியாத ஆவணம் அதுதான். அறிவித்தல் போய் அடுத்த தவணையிலேயே, குறித்த திகதிக்குள் தீர்மானம் தருவதாக அரச சட்டத்தரணி மன்றுக்குச் சொன்னார், வழக்கு அதோடு முடிந்தது. தாமத வழக்குகள் இப்படி இடையிலேயே முடிவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எப்போதும் அப்படி முடியும் என்று நம்பி வராதீர்கள். ஆனால் இன்றிலிருந்து ஒரு கொப்பி போடுங்கள்.

எதிர்மாறான ஒன்றும் நடந்தது. ஒரு இளைஞருக்கு இந்தியாவில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன, பள்ளியில் சேர்க்க வயது மாற்றி எடுத்தது ஒன்று. அதை மனுவில் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு அதைக் காட்டியதும், உண்மையை மறைத்தவருக்கு எழுத்தாணை இல்லை என்று மனு தள்ளப்பட்டது. எழுத்தாணை கேட்டு வருபவர் கைகளைத் திறந்து காட்ட வேண்டும், நமக்குப் பாதகமானதையும் சேர்த்து. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கடதாசி இருந்தால் முதல் நாளே சட்டத்தரணியின் மேசையில் வையுங்கள். முகாமில் ஏன் அப்படி எடுக்க வேண்டிவந்தது என்பதை விளக்கலாம், மறைத்ததை விளக்க முடியாது.

அப்புறம், கோவையைத் தூக்கி எறிந்துவிடுவார்களா என்ற பயம். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. கந்தோர் யன்னலுக்கு முன் நின்றே வாழ்க்கை போனவர்களுக்கு அது வரத்தான் செய்யும். என் அனுபவத்தில் நடப்பது மறுபக்கம்: அறிவித்தல் போனதும் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகிறது, அங்கே ஒருவர் அதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார், இலக்கத்தோடு பதிவாகிறது. வழக்குப் போட்ட கோவை தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். உண்மையான ஆபத்து வேறு. முடிவெடு என்று நெருக்கும்போது 'இல்லை' என்றும் முடிவு வரலாம். பத்திரங்கள் பலவீனமாக இருந்தால் அதற்கு இடம் கொடுக்காமல் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். பலமாக இருந்தால் துணிந்து போங்கள். மறுப்பு வந்தால் அதை நீக்கக் கேட்கும் எழுத்தாணையும் இருக்கிறது, அந்த மறுப்புக் கடிதத்தின் திகதியிலிருந்து அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதமும் தெளிவாக ஓடத் தொடங்கும். கடித உறையைக்கூட எறியாதீர்கள், தபால் முத்திரைத் திகதி தேவைப்படும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொகை சொல்லமாட்டேன், ஆளுக்காள் மாறும். வருமானம் குறைந்தவர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கிராம அலுவலரின் வருமானக் கடிதத்தோடு முதலில் அங்கே போங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு செய்து பழகிய சட்டத்தரணி வேண்டும் என்று கேளுங்கள். காணி வழக்கு நன்றாகச் செய்பவர் இதையும் நன்றாகச் செய்வார் என்று இல்லை. நாடாளுமன்றத்தின் பொது மனுக் குழு, நிர்வாகத்துக்கான ஆணையாளர் என்று வேறு கதவுகளும் உண்டு. தட்டலாம், ஆனால் அங்கே பதில் வரும்வரை நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். எழுத்தாணைக்குக் கிழமைக் கணக்கில் கெடு இல்லாவிட்டாலும், உரிமையின் மேல் தூங்கியவர் என்று நீதிமன்றம் நினைத்தால் கதவு மூடும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் திரும்பி வந்தது விமானத்திலா, படகிலா என்று எழுதவில்லை. ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு விமானத்தில் வந்திருந்தால், அந்தக் கடிதமும் தம்பி வந்திறங்கிய அவசரப் பயணப் பத்திரமும் மனுவின் முதல் இணைப்புகளாக இருக்க வேண்டும். படகில் தலைமன்னாரிலோ பேசாலையிலோ வந்திறங்கியிருந்தால், பெற்றோர் அப்போது போனதும் தம்பி இப்போது வந்ததும் குடிவரவுச் சட்டத்தின் கீழ் வேறு கேள்விகளைக் கிளப்பலாம். அதனால் வழக்குப் போட முடியாது என்று இல்லை. ஆனால் தகவல் கோரிக்கைக்கும் முன்பாக, எந்தக் கந்தோருக்கும் எதையும் எழுத முன்பாக, அதை மட்டும் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் சொல்லிவிடுங்கள். இங்கே எழுத வேண்டாம்.